ஸ்னோமொபைலுக்கு மாற்று ட்ராக்: பழையதை வாசித்துப் புதியதை வாங்குவது எப்படி

கராஜ் தரையில் இரண்டு ட்ராக்குகள் அக்கம்பக்கமாகக் கிடந்தன. ட்ராக் என்றால் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியை அடியிலிருந்து ஓட்டும் ரப்பர்ப் பட்டை. ஒன்று என் ஸ்னோமொபைலிலிருந்து கழற்றியது. மற்றது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சட்பரியிலிருந்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப்போய் ரொக்கம் கொடுத்து வாங்கிவந்தது. பழையதன் நீளம் 136 அங்குலம், வாங்கியது 137. ஓர் அங்குலம்தானே, ட்ராக்கை இறுக்கும் பின்சக்கரத்தின் டென்ஷன் போல்ட்டைத் திருகிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ட்ராக்கைச் சுழற்றும் பல்சக்கரங்கள் மாட்டிய டிரைவ் ஷாஃப்டை உள்ளே வைத்துப் பார்த்தபோது பல்சக்கரத்தின் முதல் பல் ட்ராக்கின் ஜன்னலில், அதாவது அதிலுள்ள துளையில், இறங்கியது, இரண்டாவது விளிம்பில் இடித்தது, மூன்றாவது ரப்பரின் மேல் ஏறி நின்றது. பிறகுதான் இரண்டையும் விரித்துப்போட்டு ஜன்னல்களை எண்ணினேன். பழையதில் 54. வாங்கியதில் 48.

எண்ணுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கப் போவதற்கு முன் அதைச் செய்திருக்கலாம்.

ட்ராக் வாங்க விரும்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது 'லக் எவ்வளவு உயரம் போடலாம்' என்பதைத்தான். லக் என்பது பனியைக் கடிக்கும் வெளிப்புற மேடு. எனக்குத் தெரிந்தவரை அது கடைசியில் முடிவுசெய்ய வேண்டிய விஷயம். முதலில் உங்கள் வண்டி எதை ஏற்றுக்கொள்ளும் என்று பார்க்க வேண்டும், அடுத்து நீங்கள் உண்மையில் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பாதிக்கு மேல் பதில் இப்போது வண்டியில் இருக்கும் தேய்ந்த ட்ராக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

சில பெயர்கள்

ட்ராக் என்பது முனையில்லாத ஒரே ரப்பர்ப் பட்டை. அதன் குறுக்கே சம இடைவெளியில் ஃபைபர் கிளாஸ் கம்பிகள் ரப்பருக்குள் புதைந்திருக்கும். பட்டையை விறைப்பாக வைத்திருப்பவை அவைதான். ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையிலான தூரம் பிட்ச். வெளிப்புறத்தில் பனியைக் கடிக்கும் மேடுகளை லக் என்கிறார்கள். உட்புறத்தில் பல்சக்கரம் தள்ளுவதற்காக நிற்கும் சிறிய ரப்பர்க் கட்டைகளை உட்பற்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பிகளுக்கு நடுவே இருக்கும் துளைகள் ஜன்னல்கள். ஜன்னல்களுக்கு இடையே உலோகக் கிளிப்புகள் மாட்டியிருக்கும். சஸ்பென்ஷனின் இரண்டு ரெயில்களின் அடியில் பொருத்திய பிளாஸ்டிக் பட்டைகள் அந்தக் கிளிப்புகளின் மேல்தான் வழுக்கிச் செல்கின்றன. அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஹைஃபாக்ஸ் என்று பெயர். ட்ராக்குக்கு மேலே கூரைபோல் கவிந்திருக்கும் அலுமினியப் பகுதி டனல், அதன் உட்புறம் ஒட்டியிருப்பது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலர்.

படி 1: மாற்றத்தான் வேண்டுமா?

வண்டியின் பின்பகுதியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ட்ராக்கைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பிட்ச்சையும் இரண்டு கைகளாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நல்ல கம்பி விறைத்து நிற்கும். உடைந்த கம்பி இருக்கும் இடம் ஈரத்துணிபோலத் தொய்யும். உடைந்த கம்பியின் முனை ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் அது டனலையும் கூலரையும் கீறத் தொடங்கும். ட்ராக்கின் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் கூலரின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

ஓரிரு லக் பிய்ந்திருந்தால் பதற வேண்டாம். ஒரே பக்கத்தில் வரிசையாகப் பல லக் போயிருந்தால் வேகத்தில் வண்டி அதிரும், அந்த அதிர்வு பேரிங்குகளைத் தின்னும். ஜன்னல் மூலைகளில் வெடிப்பு, ரப்பருக்குள்ளிருந்து நூல் தெரிவது, உட்பற்கள் அடியோடு கிழிந்திருப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கிளிப் மட்டும் விழுந்திருந்தால் புதிய கிளிப் போடலாம், அதற்கென ஒரு கருவி உண்டு. கிளிப் விழுந்ததற்காக ட்ராக்கையே மாற்றச் சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 2: தேய்மானத்தை வாசியுங்கள்

பழைய ட்ராக் எப்படிச் செத்தது என்று தெரியாமல் புதியதை வாங்கினால் அதுவும் அப்படியே சாகும்.

லக் முனைகள் உருண்டு, ஓரங்கள் மழுங்கி, ஆனால் உடையாமல் இருந்தால் அது இயல்பான மூப்பு. நீங்கள் பனியை இறுக்கிச் சமன்செய்து தயார்செய்யப்பட்ட பாதையில் நிறைய ஓட்டியிருக்கிறீர்கள், லக் உயரமும் அந்தப் பாதைக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கிறது. முனைகள் துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தால் உயரமான லக்கைக் கடினமான பரப்பில் வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு சுற்றிலும் லக் வளைந்து நிமிர்கிறது, அடிப்பகுதி சூடாகிறது, பனித்தூள் மேலே பட்டால் ஆறும், வெறும் ஐஸில் அதுவும் கிடைக்காது.

உட்பற்களின் ஒரு பக்கம் மட்டும் சிதைந்திருக்கிறதா? ட்ராக் தளர்ந்திருந்து பல்சக்கரம் பற்களின் மேல் தாவியிருக்கிறது. திடீரென்று ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ பிரேக் போடும்போதோ வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து 'டக் டக்' என்று கேட்டிருக்குமே, அந்தச் சத்தம்தான். இதில் குற்றவாளி ட்ராக் இல்லை, டென்ஷன். அல்லது தேய்ந்த பல்சக்கரம். புதிய ட்ராக்கை அதே தேய்ந்த சக்கரத்தில் மாட்டுவது வீண்செலவு.

ட்ராக்கின் ஒரு விளிம்பு மட்டும் அரைபட்டிருந்தால் நேர்நிறுத்தம் (அலைன்மென்ட்) தவறியிருக்கிறது. ஹைஃபாக்ஸ் உருகிக் கிளிப்புகளில் ஒட்டியிருந்தால் பனியில்லாத பரப்பில் நிறைய ஓடியிருக்கிறீர்கள். ஹைஃபாக்ஸுக்குப் பனிதான் எண்ணெய், வேறு மசகு கிடையாது. இந்த இரண்டாவது ரகத்தவர்கள் எந்த ட்ராக் வாங்கினாலும் கூடவே ரெயிலில் பொருத்தும் ஸ்க்ராட்சர் கம்பிகளையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவை ஐஸைக் கீறித் தூளை ட்ராக்குக்குள் வீசும். ஹைஃபாக்ஸும் கூலரும் அந்தத் தூளில்தான் உயிர்வாழும்.

படி 3: எண்களை எடுங்கள்

ட்ராக்கின் வெளிப்புறத்தில் எங்கோ ஓரிடத்தில் அளவுகள் ரப்பரில் அச்சாகியிருக்கும், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். அழுக்கைத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் நீங்களே அளக்கலாம்.

அகலம் எளிது. பாதையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் 15 அங்குலம். ஆழ்பனிக்கும் மலைக்கும் 15 அல்லது 16. ஃபின்லாந்தின் லாப்லாந்திலும் வடக்குக் கனடாவிலும் விறகும் சரக்கும் இழுக்கும் வேலை வண்டிகளில் 20, 24 அங்குலம்.

பிட்ச்சை ஒரே இடைவெளியில் அளக்காதீர்கள், பிழை வரும். ஒரு கம்பியின் நடுவிலிருந்து தொடங்கிப் பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். 25.2 அங்குலம் வந்தால் பிட்ச் 2.52. 28.6 வந்தால் 2.86. முப்பது வந்தால் 3. முப்பத்தைந்து வந்தால் 3.5. இன்றைய வண்டிகளில் நீங்கள் சந்திக்கக்கூடியவை ஏறத்தாழ இந்த நான்குதான்.

பிறகு மொத்தப் பிட்ச்சுகளை எண்ணுங்கள். தொடங்கிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளாவிட்டால் இரண்டாவது சுற்றும் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பிட்ச்சை எண்ணிக்கையால் பெருக்கினால் உண்மையான நீளம் கிடைக்கும். 2.52-ஐ 48-ஆல் பெருக்கினால் 120.96, அதைத்தான் கடையில் 121 என்கிறார்கள். 2.52 × 54 = 136.08, இது 136. 2.86 × 48 = 137.28, இது 137. 2.86 × 54 = 154.44, இதை ஒரு கடை 154 என்றும் இன்னொரு கடை 155 என்றும் எழுதும். 129 என்று எழுதியிருப்பதோ இன்னும் வஞ்சகமானது. 2.52 × 51 = 128.5, 2.86 × 45 = 128.7, இரண்டுக்கும் ஒரே பெயர். விளம்பரத்தில் இருக்கும் நீளம் ஒரு செல்லப்பெயர் மட்டுமே. பிட்ச்சும் எண்ணிக்கையும் தெரியாமல் பணத்தைக் கையில் எடுக்காதீர்கள். இதை எந்த அனுபவத்தில் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நீளத்தை விருப்பம்போல மாற்ற முடியாது. அதை நிர்ணயிப்பது சஸ்பென்ஷன் ரெயில். 121 வண்டியில் 137 போட ஆசைப்படுகிறவர் நீண்ட ரெயிலோ ரெயில் நீட்டிப்போ வாங்க வேண்டும். சில சமயம் டனலையும் நீட்ட வேண்டியிருக்கும். அது ட்ராக் மாற்றும் வேலை இல்லை, வண்டியையே மாற்றும் வேலை. 120-க்குப் பதில் 121, 136-க்குப் பதில் 137 என்ற அளவு வித்தியாசத்தைப் பல சஸ்பென்ஷன்களின் டென்ஷன் போல்ட் தாங்கிக்கொள்ளும். பிட்ச் பொருந்தினால்!

படி 4: பல்சக்கரத்தோடு சம்பந்தம் பேசுங்கள்

1934 குளிர்காலத்தில் கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப்-ஆர்மன் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் வயிற்று நோயால் இறந்தான். சாலைகள் பனியில் மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. பனி வாகனம் செய்யும் முயற்சியில் ஏற்கெனவே இருந்த அவர் 1937-இல் காப்புரிமை பெற்றது எஞ்சினுக்கோ சறுக்குப் பலகைக்கோ இல்லை. ரப்பர் போர்த்திய பல்சக்கரமும் அதன் மேல் ஓடும் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு. 1959-இல் வந்த ஸ்கீ-டூ ஸ்னோமொபைலும் அந்த வழியில் வந்ததுதான். பல்லும் பட்டையும் பொருந்துவதில்தான் இந்த வாகனமே பிறந்தது. நம் தேர்விலும் அதுதான் நடுநாயகம்.

பல்சக்கரம் மூன்று வகையில் இழுக்கும். சில, ட்ராக்கின் உட்பற்களைத் தள்ளும். சில, தம் பற்களை ஜன்னல்களுக்குள் நுழைத்துப் பிடிக்கும். சில இரண்டையும் செய்யும், இவற்றில் பல் தாவுவது அரிது. உங்கள் சக்கரம் எந்த வகை என்று பார்த்து, புதிய ட்ராக்கில் உட்பற்களும் ஜன்னல்களும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள்.

பிட்ச்சை மாற்ற ஆசை இருந்தால் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். கணக்கு எளிது: பிட்ச்சைப் பற்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு சுற்றில் வண்டி நகரும் தூரம் கிடைக்கும். 2.52 பிட்ச்சில் 9 பல் சக்கரம் 22.68 அங்குலம் நகர்த்தும். 2.86 பிட்ச்சில் 8 பல் சக்கரம் 22.88. வித்தியாசம் ஒரு விழுக்காடுகூட இல்லை. கியர் விகிதமும் ஸ்பீடோமீட்டரும் ஏறத்தாழ அப்படியே இருக்கும், சக்கரத்தின் விட்டமும் ஏழேகால் அங்குலத்தை ஒட்டியே வரும். என் 137-ஐ நஷ்டத்துக்கு விற்ற பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 8 பல் சக்கரங்கள் இரண்டு வாங்கியிருந்தால் அதையே மாட்டியிருக்கலாம்!

ஆனால் உங்கள் வண்டியில் 2.52 பிட்ச்சில் 10 பல் இருந்தால் கதை வேறு. அது ஒரு சுற்றுக்கு 25.2 அங்குலம். அதை 2.86, 8 பல்லாக மாற்றினால் 22.88, அதாவது ஒன்பது விழுக்காடு குறைவு. ஸ்பீடோமீட்டர் டிரைவ் ஷாஃப்டின் சுழற்சியை எண்ணுவதால் அது 100 என்று காட்டும்போது நீங்கள் போவது 91. இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். சங்கிலியும் கியர்களும் இருக்கும் பெட்டியான செயின் கேஸில் கியரை மாற்றி ஈடுகட்டலாம்.

சக்கரங்கள் அறுகோண ஷாஃப்டில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். கழற்றவும் ஏற்றவும் பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரம் வேண்டும். இரண்டு சக்கரங்களின் பற்களும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இடைவெளியும் பழையபடியே இருக்க வேண்டும். வீட்டில் பிரஸ் இல்லாதவர்கள் ஷாஃப்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் கூலி குறைவு.

படி 5: டனலுக்குள் எவ்வளவு இடம்?

லக் உயரம் பற்றிய முதல் கேள்வியை டனலிடம் கேளுங்கள். பல்சக்கரத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில், இப்போதிருக்கும் லக் முனைக்கும் முன்பக்கக் கூலருக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுங்கள். டனலின் மேற்புறத்திலும் அளவுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் தலைகளையும் விட்டுவிடாதீர்கள். மிகக் குறைவாக வந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் அங்குல லக்கோடு அந்த இடைவெளி ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அங்குல லக் போட்டால் முக்கால் அங்குலம் மிஞ்சும், நல்லது. ஒன்றேமுக்கால் போட்டால் அரை அங்குலம். பழகியவர்கள் அரை அங்குலத்தையே எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் வேகத்தில் ட்ராக் வெளிநோக்கிப் பருக்கும், பனிக்கட்டியும் உள்ளே உறையும். தரையில் நிற்கும்போது உரசாத ட்ராக் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கூலரைச் சுரண்டலாம்.

இடம் போதாவிட்டால் ஒரு பல் குறைந்த சக்கரம் போட்டு இடம் பிடிக்கலாம். 3 அங்குலப் பிட்ச்சில் 8 பல்லிலிருந்து 7-க்கு வந்தால் சுற்றளவு 24-இலிருந்து 21-ஆகும், விட்டம் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் சுருங்கும். அதாவது ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் கிடைக்கும். விலை? சிறிய சக்கரத்தில் ட்ராக் கூடுதலாக வளைய வேண்டும், உராய்வு கூடும், கியர் கணக்கும் மாறும். மலையேறுகிறவருக்கு இது நல்ல பேரம். பாதையில் ஓட்டுகிறவருக்கு இல்லை.

படி 6: உங்களிடம் நீங்களே உண்மை பேசுங்கள்

கடந்த பருவத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஓடோமீட்டரைப் பாருங்கள். அதில் எத்தனை தயார்செய்யப்பட்ட பாதை, எத்தனை ஏரி ஐஸ், எத்தனை யாரும் ஓட்டாத ஆழ்பனி? ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் பாதை எழுபது விழுக்காடு, ஏரி இருபது, ஆழ்பனி பத்து. பேச்சில் மட்டும் இது தலைகீழாக இருந்தது. நண்பர்களோடு தேநீர் குடிக்கும்போது எல்லோரும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் மலையில் இடுப்பளவு பனியில் ஓட்டுகிறவர்கள்தான். சனிக்கிழமை காலை எல்லோரும் கிளப் தயார்செய்த பாதையில், முந்தைய இரவு இறுகிப்போன பரப்பில்.

வாங்கும் ட்ராக் அதிகமாக ஓடும் இடத்துக்குத் தோதாக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் அது சமாளித்தால் போதும்.

படி 7: இப்போது லக்

1 முதல் 1.25 அங்குலம்: தயார்செய்த பாதை, ஏரி, வேகம். குளிராக ஓடும், நீடித்து உழைக்கும். காம்சோ நிறுவனத்தின் ரிப்சா 2 இந்த ரகத்தில் பலரும் போடுவது. கியூபெக்கின் மேகாக்கைச் சேர்ந்த காம்சோ 2018-இல் மிஷலின் கைக்குப் போனது. போலாரிஸ், ஸ்கீ-டூ என எந்த நிறுவனத்தின் வண்டியை வாங்கினாலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் இவர்கள் செய்த ரப்பர்தான்.

1.35 முதல் 1.6 வரை: என் கணக்கில் வடக்கு ஒன்ராறியோவுக்கு மிகப் பொருத்தமான இடம். புதிய பனி விழுந்த காலையில் பிடிமானம் கூடுதலாக இருக்கும், இறுகிய பாதையில் அவ்வளவாகக் குறை சொல்லாது. காம்சோவின் கோப்ரா ட்ராக் இந்த உயரங்களில் வருகிறது. ஏற்கெனவே 1.25 ஓட்டிக்கொண்டு 'இன்னும் கொஞ்சம் பிடிமானம் வேண்டும்' என்று நினைக்கிறவர் இரண்டு அங்குலத்துக்குத் தாவாமல் இங்கே நின்று பார்க்கலாம்.

1.75, 2 அங்குலம்: பாதையை விட்டு அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு. பேக்கன்ட்ரி எக்ஸ்2 போன்ற ட்ராக்குகள். பாதையில் ஓட்டலாம், ஆனால் மணிக்கணக்கில் முழு வேகம் கூடாது. வண்டியின் மூக்கு திருப்பங்களில் நேரே போகப் பார்க்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

2.25 முதல் 3 வரை: மலை. இங்கே பிட்ச்சும் பெரும்பாலும் 3 அல்லது 3.5 ஆகிவிடும். காரணம் எடை. 3 பிட்ச்சில் 174 அங்குல ட்ராக்குக்கு 58 கம்பிகள். 3.5 பிட்ச்சில் 175 அங்குலத்துக்கு 50 போதும். எட்டுக் கம்பிகளும் எட்டு வரிசை லக்கும் மிச்சம். சுழலும் பாகத்தில் குறையும் ஒவ்வொரு கிலோவையும் எஞ்சின் உணரும். ஆனால் நீண்ட பிட்ச் பல்சக்கரத்தை வட்டமாகச் சுற்றாமல் பலகோணமாகச் சுற்றும், கடினமான பாதையில் அந்த அதிர்வு கால் வழியாக ஏறும்.

உயரத்தைப்போலவே வடிவமும் முக்கியம். தட்டையான அகன்ற லக் ஆழ்பனியைத் துடுப்புபோல் தள்ளும். சிறிதாகப் பிரிந்த லக் இறுகிய பரப்பைக் கடிக்கும். ரப்பரின் கடினத்தை 60, 80 போன்ற எண்களில் சொல்வார்கள். குறைந்த எண் மென்மை. மென்மையான லக் பொடிப்பனியில் வளைந்து மேலே மிதக்கவிடும், கடினமானது ஈரப்பனியில் வளையாமல் தோண்டும். விளிம்பு வளையும் மலை ட்ராக்குகளும் உண்டு. சரிவில் பக்கவாட்டாகச் செல்ல அவை அருமை, இறுகிய பாதைத் திருப்பத்தில் தள்ளாடும்.

படி 8: கிளிப்பும் அடுக்கும்

சில ட்ராக்குகளில் ஒவ்வோர் இடைவெளியிலும் கிளிப் இருக்கும், சிலவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று. எல்லா இடத்திலும் இருந்தால் எடை கூடும், ஆனால் ட்ராக் ரெயிலில் நேராக ஓடும், உழைக்கும். பாதையில் ஓட்டுகிறவர் முழுக் கிளிப்பையே கேட்டு வாங்கலாம். ஒற்றை அடுக்கு ரப்பர் இலகுவானது, எளிதில் வளையும். இரட்டை அடுக்கு கனமானது, ஐஸைக் கடிக்கும் உலோக முட்களான ஸ்டட் அடிக்க ஏற்றது.

படி 9: ஸ்டட் வேண்டுமா?

ஏரி ஐஸில் நிறைய ஓட்டினால் ஆம். பிரேக் பிடிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இரண்டு வழிகள். ஐஸ் ரிப்பர் எக்ஸ்டி போன்ற ட்ராக்குகளில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன முனைகொண்ட சிறு ஸ்டட்டுகள் லக் நுனியிலேயே வார்க்கப்பட்டு வரும். துளைக்க வேண்டாம், டனலில் கூடுதல் இடமும் பெரிதாகக் கேட்காது. ஐஸும் பாதையும் கலந்து ஓட்டுகிறவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. மற்றொன்று ட்ராக்கைத் துளைத்து, தகடு வைத்து மாட்டும் பெரிய ஸ்டட். அவற்றின் முனை லக்கைவிட 0.25 முதல் 0.375 அங்குலம்வரை மேலே நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஸ்டட் வளைந்து ரப்பரையே கிழிக்கும். இந்த உயரத்தையும் சேர்த்து ஐந்தாம் படியின் கணக்கை மறுபடி போடுங்கள். டனலில் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் பெரிய ஸ்டட் மாட்டுவது கூலருக்கு நாள் குறிப்பது.

ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பின்னால் பிடிமானம் கூடினால் முன்னால் ஸ்கீயின், அதாவது சறுக்குப் பலகையின், அடியில் இருக்கும் கார்பைடும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கைப்பிடியைத் திருப்புவீர்கள், ட்ராக் வண்டியை நேரே தள்ளிக்கொண்டு போகும். ஸ்டட் பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஓட்டப்போகும் மாகாணத்தின் விதியைத் துளைபோடும் முன் பாருங்கள், பிறகு அல்ல.

படி 10: புதியதா, கைமாறியதா?

புதிய ட்ராக் பல நூறு டாலர், நீளமான மலை ட்ராக் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கைமாறியவற்றில் ஒரு நல்ல ரகம் உண்டு. புதிய வண்டி வாங்கிய அன்றே வேறு ட்ராக் மாட்டிக்கொள்கிறவர்கள் கழற்றி விற்பது. அச்சில் வார்த்தபோது லக்கில் நீட்டிக்கொண்டு நின்ற மெல்லிய ரப்பர் மயிர்கள் உதிராமலிருந்தால் அது உண்மையிலேயே ஓடாதது. பார்க்கப் போகும்போது டேப்பும் சாக்பீஸும் கொண்டுபோங்கள். பத்துப் பிட்ச் அளவுங்கள், மொத்தம் எண்ணுங்கள், ஒவ்வொரு கம்பியையும் வளைத்துப் பாருங்கள். ஸ்டட் கழற்றிய துளைகள் இருந்தால் அவற்றைச் சுற்றி வெடிப்பு உண்டா என்று பாருங்கள். வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பரை வளைத்தால் மேற்பரப்பில் வறண்ட குளம்போல் கோடுகள் தெரியும், விட்டுவிடுங்கள். விற்பவர் 'எல்லாம் பொருந்தும்' என்று சொன்னால் சிரித்துவிட்டு எண்ணுவதைத் தொடருங்கள்.

படி 11: மாட்டும் நாளும் அதன் பிறகும்

சஸ்பென்ஷனைக் கழற்றி, செயின் கேஸைத் திறந்து, டிரைவ் ஷாஃப்டை இறக்க வேண்டும். அவரவர் வண்டியின் கையேடு இதற்கு வழி சொல்லும், அதைத் திரும்ப எழுத மாட்டேன். திறந்த கையோடு ஷாஃப்ட் பேரிங்குகள், பல்சக்கரங்கள், ஹைஃபாக்ஸ், சிறு சக்கரங்களின் பேரிங்குகள் எல்லாவற்றையும் பாருங்கள். மறுபடி இவ்வளவு வசதியாகக் கை போகாது. ட்ராக்கின் அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கிறதா என்று ஷாஃப்டைப் பூட்டுவதற்கு முன்பே பாருங்கள். பூட்டிய பிறகு கண்டுபிடித்த ஒருவரை எனக்குத் தெரியும், அன்று மாலை அவர் யாரோடும் பேசவில்லை.

டென்ஷனைக் கையேட்டில் சொன்ன எடையைத் தொங்கவிட்டு, சொன்ன தொய்வுக்குக் கொண்டுவாருங்கள். இறுக்கினால் நல்லது என்ற எண்ணம் வேண்டாம். இறுகிய ட்ராக் ஹைஃபாக்ஸைத் தின்று வேகத்தைக் குறைக்கும். அடுத்து, பின்பகுதியைத் தூக்கி மெதுவாகச் சுழலவிட்டு இரண்டு ரெயில்களுக்கும் கிளிப்புகளுக்கும் இடையிலான தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ட்ராக் எப்போதும் தளர்ந்த பக்கத்துக்கு நகரும். இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கப் போல்ட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள், அரைச் சுற்று போதும், மறுபடி சுழற்றிப் பாருங்கள். இந்த வேலையின்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகள். பெரிய ஸ்டட் அடித்த ட்ராக்கை ஸ்டாண்டில் எஞ்சின் போட்டுச் சுழற்றவே வேண்டாம். பிய்ந்து பறக்கும் ஒரு ஸ்டட் தகரச் சுவரைத் துளைக்கும்.

புதிய ரப்பர் முதல் ஓட்டங்களில் நீளும். நான் முதல் நாள் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, ஆக்சிலரேட்டரையும் பாதிக்கு மேல் அழுத்துவதில்லை. திரும்பி வந்ததும் ட்ராக் ஆறட்டும். டென்ஷனையும் நேர்நிறுத்தத்தையும் மறுபடி அளந்து, பூட்டு நட்டுகளை இறுக்குங்கள். அதன் பிறகும் இரண்டாவது, மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய ட்ராக்கின் பிட்ச், எண்ணிக்கை, லக் உயரம், மாற்றிய அன்று ஓடோமீட்டர் காட்டிய எண் ஆகிய நான்கையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். அடுத்தமுறை இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப்போகும் முன் இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.